ஆள் போனார், சந்தா போகவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நிறுவனங்களின் செலவுக் குறைப்பு பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஆட்குறைப்பு, பயணப்படி, பயிற்சிச் செலவு என்று எல்லாம் இருந்தது. மென்பொருள் சந்தாவைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை. கணக்குப் பிரிவில் பல ஆண்டுகளாக பில் பார்ப்பவன் நான், அதனால் எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு செலவைக் குறைக்கிறோம் என்று எங்கள் பிரிவில் இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்த மாதமே வேலைகளைப் பிரித்துக் கண்காணிக்கும் மென்பொருள் ஒன்றின் ஆண்டு பில் என் மேசைக்கு வந்தது. யார் யாருக்காகப் பணம் கட்டுகிறோம் என்ற லைசென்ஸ் பட்டியலைத் திறந்தால், அந்த இரண்டு பேருடைய பெயரும் இருக்கிறது. மற்ற பெயர்களில் பாதிக்கு மேல், கடைசியாக லாகின் செய்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. சம்பளத்தை நிறுத்தத் தெரிந்தவர்களுக்குச் சந்தாவை நிறுத்தத் தோன்றவில்லை. அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

முன்பெல்லாம் மென்பொருளை ஒரு தடவை வாங்கிவிட்டுப் பழைய பதிப்பையே வருடக்கணக்கில் ஓட்டலாம். 2013இல் அடோபி நிறுவனம், ஃபோட்டோஷாப் போன்ற தன் மென்பொருள்களின் புதிய பதிப்புகள் சந்தாவுக்கு மட்டும்தான் என்றது. இன்று பெரும்பாலும் எல்லாமே தலைக்கு இவ்வளவு என்ற கணக்குதான். ஒப்பந்தம் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். வேண்டாம் என்றால் 30 நாள், 60 நாள், சிலவற்றில் 90 நாள் முன்பே எழுதித் தர வேண்டும். அந்தத் தேதியைக் குறித்து வைத்திருக்க வேண்டியவர் யார்? பல அலுவலகங்களில் அப்படி ஒருவரே கிடையாது.

அலுவலகத்தில் பேசவும் கூட்டம் நடத்தவும் மைக்ரோசாஃப்ட் தொகுப்போடு வந்த டீம்ஸ் இருக்கும்போதே, அதே வேலைக்கு ஸ்லாக்குக்கும் ஜூமுக்கும் தனியாகப் பணம் கட்டும் இடங்கள் உண்டு. இப்போது செயற்கை நுண்ணறிவும் சேர்ந்துவிட்டது. 2023 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் 365 கோபைலட் என்ற செயற்கை நுண்ணறிவு உதவியாளர் பெரிய நிறுவனங்களுக்கு வந்தபோது ஆளுக்கு மாதம் 30 டாலர். ஆயிரம் பேருக்கு எடுத்தால் ஆண்டுக்கு 3,60,000 டாலர். எத்தனை பேர் அதைத் தினமும் திறக்கிறார்கள் என்று கேட்காமலே கையெழுத்துப் போடலாமா?

மென்பொருளே வேண்டாம் என்று சொல்லவில்லை. கணக்கு மென்பொருள் இல்லாமல் என்னால் ஒரு மாதக் கணக்கைக்கூட முடிக்க முடியாது. வாங்குவதற்கு முன் அதில் வேலை செய்யப்போகிறவரைக் கேளுங்கள். ஆட்குறைப்புப் பட்டியல் போடுவதற்கு முன் லாகின் பட்டியலை எடுத்துப் பாருங்கள். அரை நாள் வேலைதான்.

நானே அதை எடுத்து மேலே அனுப்பினேன். "சரி, இந்த வருடம் ரினியூவல் ஆகிவிட்டது, அடுத்த வருடம் பார்க்கலாம்" என்றார்கள். வேலை போன இருவரில் ஒருவர் இன்னும் வேலை தேடிக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
கணக்குப் பிரிவு ஊழியர் ஒருவர்