வீட்டில் விலங்கு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்

வீட்டு வன்முறையிலிருந்து தப்பி வருவோருக்கான காப்பகங்களை நடத்துவோருக்கும், அவற்றின் தொலைபேசிக்கு அருகே இரவெல்லாம் விழித்திருப்போருக்கும்,

வணக்கம். உங்களைப் போன்றவர்கள் நடத்தும் ஒரு காப்பகத்தில் தங்கி உயிர் பிழைத்தவள் நான். அந்த நன்றியோடுதான் இதை எழுதுகிறேன். ஆனால் அங்கே போய்ச் சேர நான் ஏழு வாரம் தாமதித்தேன். காரணம் ஒரு பூனை.

முதல் முறை அழைத்தபோது, சத்தம் வெளியே கேட்காமலிருக்கக் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுப் பேசினேன். மறுமுனையில் இருந்தவர் கனிவாகவே பேசினார். காயம் இருக்கிறதா, குழந்தைகள் உண்டா, அன்றாடம் மருந்து எடுத்துக்கொள்கிறீர்களா என்று வரிசையாகக் கேட்டார். பூனை இருக்கிறது என்று நானாகச் சொன்னேன். "இங்கே விலங்குகளைச் சேர்ப்பதில்லை, யாரிடமாவது விட்டுவிட்டு வாருங்களேன்" என்றார். யாரிடம் விடுவது? என் தோழிகளையும் உறவினர்களையும் ஒவ்வொருவராக என்னிடமிருந்து பிரித்துவிட்டவனின் வீட்டிலிருந்துதானே பேசிக்கொண்டிருந்தேன். நன்றி சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அதற்குப் பிறகான ஏழு வாரங்களைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

"நீ போய்விட்டால் இது உயிரோடு இருக்காது." அவன் குரலை உயர்த்தக்கூட இல்லை. பூனையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே சொன்னான்.

இந்த மிரட்டல் எனக்கு மட்டும் கிடைத்த ஒன்றல்ல என்பது பின்னால்தான் தெரிந்தது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஒரு காப்பகத்தில் தங்கியிருந்த 38 பெண்களிடம் உளவியலாளர் பிராங்க் அசியோன் விசாரித்து, 1998-இல் முடிவுகளை வெளியிட்டார். சிறிய ஆய்வுதான். ஆனால் வளர்ப்பு விலங்கு வைத்திருந்த பெண்களில் 71 விழுக்காட்டினர், தங்கள் துணைவன் அதைத் துன்புறுத்துவதாக மிரட்டினான் அல்லது துன்புறுத்தினான் அல்லது கொன்றேவிட்டான் என்று சொன்னார்கள். அடிப்பவனுக்கு இது வசதியான ஆயுதம். அவள் உடலில் காயம் தெரியாது, அந்த வாயில்லாச் சீவன் சாட்சி சொல்லவும் வராது. அவள் வெளியேறிய பிறகும் அவளைத் திரும்ப இழுக்கும் கயிறாக அதுவே இருக்கும். தீனி வைக்கத் திரும்பிப் போய் மாட்டிக்கொண்டவர்களை நான் அறிவேன்.

ஒரு பூனைக்காகவா, ஒரு நாய்க்காகவா என்று கேட்பவர்கள் எப்போதும் இருக்கிறார்கள். அவர்களுக்காக ஒரு புயலை நினைவூட்டுகிறேன். 2005-இல் கத்ரீனா சூறாவளி வந்தபோது, வளர்ப்பு விலங்கை விட்டு வர மனமில்லாமல் வெள்ளத்தில் நின்றவர்கள் பலர். மறு ஆண்டே, பேரிடர்க்கால வெளியேற்றத் திட்டங்களில் வளர்ப்பு விலங்குகளுக்கும் இடம் ஒதுக்க வேண்டும் என்று அமெரிக்காவில் சட்டம் வந்தது. உணர்ச்சிவசப்பட்டு இயற்றிய சட்டமல்ல அது. விலங்கைக் காப்பாற்றாவிட்டால் மனிதரும் வெளியே வரமாட்டார் என்ற நடைமுறைக் கணக்கு. வெள்ளத்துக்குச் செல்லுபடியாகும் கணக்கு, வீட்டுக்குள் நடக்கும் வன்முறைக்கு மட்டும் ஏன் செல்லாது?

நீங்கள் சொல்லக்கூடிய தடைகளும் எனக்குத் தெரியும். ஒவ்வாமை உள்ளவர்கள், நாயைக் கண்டால் நடுங்கும் குழந்தைகள், கடி, துர்நாற்றம், ஏற்கெனவே போதாத அறைகள். எதையும் நான் மறுக்கவில்லை. ஒரே கூரையின் கீழ்தான் வைக்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. முடிந்தவர்கள் அப்படியும் செய்கிறார்கள். நியூயார்க்கில் அர்பன் ரிசோர்ஸ் இன்ஸ்டிடியூட் என்ற அமைப்பு 2013 முதல், குடும்பத்தோடு விலங்கையும் ஒரே இருப்பிடத்தில் தங்கவைக்கிறது. முடியாதவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. பிரிட்டனில் டாக்ஸ் டிரஸ்ட் என்ற நாய்கள் நல அமைப்பு 2004-இல் தொடங்கிய திட்டத்தில், வன்முறையிலிருந்து தப்புகிறவர்களின் நாய்களைத் தன்னார்வலர்கள் தங்கள் வீடுகளில் தற்காலிகமாக வளர்க்கிறார்கள். உரிமையாளர் நிலைபெற்றதும் திரும்ப ஒப்படைக்கிறார்கள். பூனைகளுக்கும் அங்கே அப்படியொரு சேவை உண்டு.

இந்த இரண்டாவது வழியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். என் பூனை பிழைத்ததும் இப்படித்தான். ஒரு கால்நடை மருத்துவர் தனக்குத் தெரிந்த வீட்டில் அதைச் சேர்த்தார். எந்த வீடு என்று எனக்குத் தெரியாது. நான் எங்கே இருக்கிறேன் என்று அந்த வீட்டாருக்கும் தெரியாது. இந்த இரட்டை மறைவு மிக முக்கியம். தெரியாத முகவரியை யாரும் மிரட்டிக் கறக்க முடியாது. விலங்கு எனக்கே உரியது, நானே திரும்பப் பெற்றுக்கொள்வேன் என்று இரண்டு பத்தியில் ஓர் ஒப்பந்தம். வாரம் ஒரு படம், மருத்துவர் வழியாகவே வரும். ஜன்னலோ தெருவோ தெரியாத படம். பெரும்பாலும் ஒரு சாம்பல் நிற முதுகு மட்டும். காப்பகத்தின் சமையலறையில் நின்று அந்த முதுகைப் பார்த்து அழுதவள் நான். இதற்கு நீங்கள் கட்டடம் கட்ட வேண்டாம். ஒரு கால்நடை மருத்துவரோடும் நம்பகமான நாலைந்து வீடுகளோடும் முன்கூட்டியே பேசி வைத்திருந்தால் போதும்.

தொலைபேசியில் பேசுவோருக்கு இன்னும் சில விஷயங்கள். அழைப்பவருக்கு இவற்றைச் சொல்ல ஐந்து நிமிடம் ஆகாது.

தடுப்பூசி அட்டை, உரிமம், மருத்துவமனை ரசீது ஆகியவை யார் பெயரில் இருக்கின்றன என்று பார்க்கச் சொல்லுங்கள். பின்னால் யாருடைய விலங்கு என்ற வழக்கு வந்தால் இவைதான் பேசும். மைக்ரோசிப் பற்றிப் பலருக்கும் ஒரு குழப்பம் உண்டு. விலங்கின் தோலுக்கு அடியில் வைக்கும், அரிசிமணி அளவிலான அந்தச் சில்லு இருப்பிடத்தைக் காட்டாது, அதில் இருப்பது ஓர் எண் மட்டுமே. ஆனால் அந்த எண்ணுக்கான பதிவில் அவன் பெயரும் தொலைபேசியும் இருந்தால், எங்கோ ஒரு மருத்துவமனை அதைப் படித்துவிட்டு நல்லெண்ணத்தில் அவனையே அழைத்துவிடும். இருப்பிடத்தைக் காட்டுவது கழுத்துப்பட்டையில் மாட்டும் கருவி. பட்டையைக் கழற்றிவிட்டுப் புதியது வாங்குவதே நல்லது. தூக்கிச் செல்லும் பெட்டியின் மெத்தைக்கு அடியிலும் கைவிட்டுத் தடவிப் பார்க்க வேண்டும்.

அந்தப் பெட்டியைப் பற்றியும் ஒன்று. பரணிலிருந்து திடீரென்று அது இறங்கினால், கிளம்பப் போகிறாள் என்று அவனுக்குத் தெரிந்துவிடும். பூனைக்கும் தெரிந்துவிடும், அது கட்டிலுக்கு அடியில் போய்விடும். நான் பல நாள் முன்னதாகவே அதைத் திறந்துவைத்து, பூனை படுக்கிற இடமாக்கிவிட்டேன். கேட்டதற்கு மருத்துவமனைப் பழக்கம் என்றேன். தடுப்பூசி நாளன்றுதான் கிளம்பினேன். வெளியே போக அதைவிட நம்பும்படியான சாக்கு எனக்குக் கிடைத்திருக்காது. ஆனால் எல்லா வீட்டிலும் இது பலிக்காது, அவரவர் ஆபத்து அவரவருக்குத்தான் தெரியும். விலங்கை எடுக்க வழியே இல்லாத நாளும் வரலாம். அப்போது முதலில் நீங்கள் வெளியே வாருங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லும் நிலையில் நீங்கள் இருக்க வேண்டும். அதைப் பொய்யாகச் சொல்லக்கூடாது.

சட்டம் இயற்றுவோரின் காதிலும் இது விழட்டும். 2006-இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலம், அடிப்பவன் நெருங்கக்கூடாது என்று நீதிமன்றம் வழங்கும் பாதுகாப்பு ஆணையில் வளர்ப்பு விலங்கையும் சேர்க்கலாம் என்று சட்டம் செய்தது. அந்நாட்டில் அப்படிச் செய்த முதல் மாநிலம் அது. பிறகு முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் பின்தொடர்ந்தன. 2018-இல் விலங்கோடு வருவோருக்கு இடம் தரும் அமைப்புகளுக்கு நிதியளிக்க மத்தியச் சட்டமே வந்தது.

உங்களிடம் இன்று நான் கேட்பது இவ்வளவு பெரிதல்ல. நீங்கள் நிரப்பும் படிவத்தில் குழந்தைகளைப் பற்றிய கேள்விக்குக் கீழே ஒரு வரி சேருங்கள்: வீட்டில் விலங்கு இருக்கிறதா, அதற்கு ஆபத்து இருக்கிறதா? அழைப்பவர் தானாகச் சொல்வார் என்று காத்திருக்காதீர்கள். உயிருக்குப் போராடும் நேரத்தில் பூனையைப் பற்றிப் பேச எவருக்கும் கூச்சமாக இருக்கும். எனக்கும் இருந்தது. ஆண்களும் அழைக்கக்கூடும், அவர்களுக்குக் கூச்சம் இரட்டிப்பு.

அந்த ஒப்பந்தத்தின் நகல் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. கேட்டால் அனுப்பிவைக்கிறேன், உங்கள் ஊழியர்களிடம் பேச அழைத்தாலும் வருகிறேன். பூனையை மட்டும் கூட்டி வர முடியாது. வயதாகிவிட்டது, பெட்டியைக் கண்டால் இன்னும் ஓடி ஒளிகிறது.

இப்படிக்கு,
உங்கள் கூரையின் கீழ் ஒருகாலம் தங்கியவள்