பரண் மேல இருந்த தகரப் பெட்டி

கண்ணு, நல்லா இருக்கியா. மருமவளும் பாப்பாவும் சுகமா. இங்க அப்பாவுக்கு கால் வீக்கம் வடிஞ்சிடுச்சி, அக்கா நேத்து வந்துட்டு போனா. போன்ல பேசுனா ரெண்டு நிமிஷத்துல சரிம்மா வெக்கிறேன்ற, அதான் எழுதுறேன், பொறுமையா படி. வேளைக்கு சாப்புடு.

போகிக்கு பழசெல்லாம் ஒதுக்கலாம்னு பரண் மேல இருந்த தகரப் பெட்டிய எறக்குனோம். தெறந்ததும் மேலயே உன் சாரணர் ஸ்கார்ஃப், கழுத்துல மாட்டுற வளையம் வாகிள்ல கோத்தது கோத்தபடி இருக்குது. விசிலு, முடிச்சு போடுற கயிறு எல்லாம் கீழ. அப்பா கயித்த எடுத்துகினு திண்ணையில உக்காந்தவரு எம்மாந்நேரமோ எழுந்திருக்கல. அந்த ஷீட் பெண்டு முடிச்ச நீ மொத மொத கத்துகினு வந்து காட்டுனியே, அப்பா சிரிச்சிட்டு இது நாங்க தறியில இழை அறுந்தா போடுற முடிச்சுதான்டான்னு நூல எடுத்து ஒரு நொடியில போட்டு காட்டுனாரு. நீ வாய தெறந்துனு பாத்த. மறுநாள் உங்க சாரணர் சார் பேட்ரோல்னு சொல்ற உங்க குழு பசங்க எட்டு பேரயும் நம்ம தறிக்கே கூட்டினு வந்துட்டாரு. லுங்கி நெய்யிறவர ஒரு வாத்தியாரு வந்து பாத்து கத்துகினாருன்னு அப்பா இன்னிக்கும் சொல்லுவாரு.

ஆயாகிட்ட எடது கைய நீட்டி ஷேக் ஹேண்ட் குடுத்து அடி வாங்குனதும் ஞாபகம் வருது. சாரணர்னா எடது கைதான் குடுக்கணும்னு அவங்களுக்கு எங்க தெரியும். அப்புறம் அந்த சாக்பீஸ். நான் ரேஷன் கடைக்கு போயிருந்தா நீ வாசப்படியில ஒரு வட்டம் போட்டு நடுவுல புள்ளி வெச்சிட்டு போவ, வீட்டுக்கு போயிட்டேன்னு அதுக்கு அர்த்தம்னு. அந்த இயக்கத்த ஆரம்பிச்ச பேடன் பவலு 1941ல செத்தப்போ கென்யாவுல அவரு கல்லறையிலயும் அதே வட்டமும் புள்ளியும்தான் செதுக்குனாங்கன்னு நீதான் சொன்ன. எனக்கு எழுத்து கூட்டிதான் படிக்க வரும், ஆனா தெருமுனையில இருந்தே அந்த வட்டம் தெரிஞ்சிடும். அது இருந்தா வயித்துல பால் வார்த்த மாதிரி.

இப்ப எனக்கு அப்படி ஒண்ணும் தெரியல. போன வாரம் மூணு நாளும் போன் பண்ணேன், மருமவ எடுத்து அவரு தூங்குறாருன்னா. பகல் பதினோரு மணி. நைட் ஷிப்டா இருக்கும்னு அப்பாகிட்ட சொல்லிட்டேன். நைட் ஷிப்டுதானே கண்ணு? அவ கொரலு வேற ஒரு மாதிரி இருந்துச்சி, நான் ஒண்ணும் கேக்கல. நேரத்துக்கு சாப்புடு. காபி மட்டும் குடிச்சிட்டு கெடக்காத.

கெங்கையம்மன் சிரசு திருவிழாவுல நீ நின்னது ஊரே பாத்துச்சி. வைகாசி ஒண்ணாந்தேதி, அந்த வெயில்ல, தரணம்பேட்டையில இருந்து கோபாலபுரம் வரைக்கும் அவ்ளோ கூட்டம், நீ ஒரு சின்ன பையன கைய புடிச்சிகினு தண்ணி பந்தல் பக்கத்துலயே நிக்கிற, அவங்கம்மா வர்ற வரைக்கும் நகரல, சிரசு கூட பாக்கல. அப்படி ஒரு புள்ள பெத்தவன்னு என்ன நாலு பேரு கேட்டாங்க. ஊர்ல யாரு தொலைஞ்சாலும் கூட நிப்ப, பெத்தவகிட்ட ஒரு வார்த்த பேச மாட்டியா.

சரி, கோச்சிக்கல. அந்த பெட்டிய தெறந்ததுல இருந்து எனக்கு தூக்கம் இல்ல, அத சொல்லிடுறேன். பத்தாவதுல சாரணருக்கு குடுக்குற ராஜ்ய புரஸ்கார் விருது கேம்புக்கு உன் பேர சார் விட்டுட்டாருன்னு இத்தன வருஷமா நெனச்சினு இருக்க. அவரு விடல. நான்தான் ஸ்கூலுக்கு போயி, பையனுக்கு மஞ்சக்காமால, அனுப்ப முடியாதுன்னு சொன்னேன். படிப்பு கெடும்னு அப்பாகிட்ட சொன்னேன், அதுவும் பொய்யி. அந்த மாசம் கூலி வரல, சீட்டு பணம் கட்டணும், கேம்பு பணம் இல்ல. இல்லன்னு சார்கிட்ட சொல்ல கூச்சமா இருந்துச்சி. சொல்லியிருந்தா அவரே கட்டியிருப்பாரு, அது தெரிஞ்சேதான் சொல்லல.

கவர்னர் கையெழுத்து போட்ட சர்டிபிகேட் வாங்கி தறி மேல மாட்டுவேன்னு சொல்லினு இருந்த புள்ள, பத்து நாளு செவுத்த பாத்து படுத்துகினு இருந்த, பகல்லயே தூங்குவ, கூப்ட்டா எழுந்திருக்க மாட்ட. அப்பயே சொல்லியிருக்கணும். நீ சார எதுர்ல பாத்தா திரும்பிகினு போனத பாத்துகினும் வாய மூடினு இருந்தேன். சாரணர் நம்பிக்கைக்குரியவர்னு மொத சட்டத்த நீ வீட்டுல சத்தமா சொல்லி மனப்பாடம் பண்ணது இந்த காதுலதான் விழுந்துச்சி. சார் ரிட்டயர்டு ஆயிட்டாரு, பஜார்ல பாத்தா எம் பேட்ரோல் லீடர் எப்படி இருக்கான்னுதான் இன்னமும் கேப்பாரு. நல்லா இருக்கான் சார்னு சொல்லிட்டு வேகமா வந்துடுவேன்.

உனக்கு கோவம் வந்தா என்மேல வரட்டும், அவருமேல வேணாம். கோவத்துலயாவது ஒரு போன் பண்ணு.

ஸ்கார்ஃப தொவச்சி கொல்லையில காய போட்டிருக்கேன், நீ க்ளோவ் ஹிட்ச் முடிச்சு போட்டு கட்டுன அதே கொடிதான், இன்னும் நெகிழல. விசில பாப்பாவுக்கு எடுத்து வெச்சிட்டேன். பொங்கலுக்கு வா. வேலை இருந்தாலும் வா, இல்லன்னாலும் வா கண்ணு, ரெண்டும் எங்களுக்கு ஒண்ணுதான். ராத்திரி எம்மாந்நேரம் ஆனாலும் கதவ தட்டு, சோத்துல தண்ணி ஊத்தாம வெக்கிறேன்.

அம்மா