அந்தப் புரதம் பருப்பில் இருப்பதல்ல

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சிறுநீரக மாற்று செய்துகொண்டவர்களுக்கு வரும் திடீர் நிராகரிப்பைச் சில புரதங்களின் மாற்றம் முன்கூட்டியே காட்டும் என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். அதைப் படித்த அன்றே அம்மா, தம்பியின் தட்டிலிருந்து பருப்பையும் சுகர் பீன்ஸ் கறியையும் எடுத்துவிட்டார். "புரதம் மாறினா உடம்பு கிட்னியைத் தள்ளிடுமாம், புத்தகத்துலயே போட்டிருக்கு" என்றார். தம்பிக்கு வைத்த கிட்னி அம்மா கொடுத்தது. அவர் பயத்தை நான் எப்படிக் குறை சொல்வேன்?

கட்டுரை சொன்னவை சாப்பாட்டுப் புரதங்கள் அல்ல. வந்த உறுப்பு அந்நியம் என்று உடம்பு கண்டுகொண்டால், எதிர்த்துத் தாக்கும் வெள்ளணுக்களான டி செல்களை அங்கே வரவழைக்கச் சில புரதங்கள் சுரக்கும். சிஎக்ஸ்சிஎல் 9, சிஎக்ஸ்சிஎல் 10 என்பவை அப்படிப்பட்டவை. சிறுநீரிலும் அவை கூடித் தெரியும். இதை ஒரு வரியில் சொல்லியிருக்கலாம்.

சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் ஏறுவது பெரும்பாலும் சேதம் தொடங்கிய பிறகுதான். மாற்று செய்த மூன்றாம் மாதம் தம்பிக்கு வலியில்லை, காய்ச்சல் இல்லை, சிறுநீரும் வழக்கம்போல் போனது. ரத்தத்தில் அந்த எண் மட்டும் ஏறியிருந்தது. சிறுநீரகத்தில் துளி சதை எடுத்துப் பார்க்கும் பயாப்சியில் நிராகரிப்பு என்று தெரிந்து, எதிர்ப்புச் சக்தியை அடக்க மூன்று நாள் மெத்தில்பிரெட்னிசோலோன் ட்ரிப் ஏற்றினார்கள். இன்னும் முன்பே தெரிந்திருக்கக் கூடாதா என்று அந்த மூன்று இரவும் கட்டிலோரம் உட்கார்ந்து நினைத்தேன். ஆகவே இந்த ஆராய்ச்சி பலிக்க வேண்டும் என்று என்னைவிட ஆசைப்படுபவர் குறைவு.

ஆனால் 'இனி பயாப்சி வேண்டாம்' என்று தலைப்புப் போட்டது தவறு. மாற்றிய சிறுநீரகத்தைத் தாக்கும் பிகே வைரஸ் தொற்றிலும் இதே புரதங்கள் கூடும். நிராகரிப்பென்றால் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தைக் கூட்ட வேண்டும், வைரஸ் என்றால் குறைக்க வேண்டும். நிராகரிப்பையும் தொற்றையும் மாற்றிப் புரிந்துகொண்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் தென்னாப்பிரிக்காவிலேயே சான்று உண்டு. 1967 டிசம்பரில் கேப் டவுனில் இதய மாற்று செய்துகொண்ட லூயிஸ் வாஷ்கான்ஸ்கியின் நுரையீரலில் தெரிந்த நிழலை மருத்துவர்கள் முதலில் நிராகரிப்பின் விளைவு என்றே எண்ணினார்கள். அது நிமோனியா. 18-ஆம் நாள் அவர் இறந்துபோனார்.

அடுத்த இதழில் இந்த விளக்கத்தைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடுங்கள். நான் சொல்லி அம்மா கேட்கவில்லை. நீங்கள் சொன்னால் கேட்பார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சாட்ஸ்வர்த், டர்பன்