வெள்ளிக்கிழமை பாவசங்கீர்த்தனம்

அன்பிய உறவுகள் அனைவருக்கும் தோத்திரம்.

வரும் வெள்ளி மாலை சிலுவைப்பாதை வழிபாடு முடிந்ததும் நம் கோயிலில் பாவசங்கீர்த்தனம் கேட்பார்கள். அதாவது, செய்த பாவங்களைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புப் பெறலாம். வெளியூரிலிருந்து இரண்டு சாமியார்கள் வருகிறார்கள். தெரிந்தவரிடம் சொல்லக் கூச்சப்படுபவர்களுக்கு இது வசதி.

"நேரடியாகக் கடவுளிடமே மன்னிப்புக் கேட்கலாமே" என்று இளையவர்கள் சிலர் கேட்டிருந்தீர்கள். தினமும் கேட்க வேண்டும்தான். ஆனால் பாவங்களை மன்னிக்கும் அதிகாரத்தை உயிர்த்த ஆண்டவர் சீடர்களிடம் கொடுத்ததை யோவான் 20ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். ஆண்டுக்கு ஒரு முறையாவது பாவ அறிக்கை செய்ய வேண்டும் என்று 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம் என்ற திருச்சபைப் பேரவை சட்டமாகவே வகுத்தது. வெளியே தெரிந்துவிடுமோ என்ற பயமே வேண்டாம். கேட்டதை எந்தக் காரணத்துக்காகவும் சாமியார் வெளியே சொல்லக்கூடாது. நேரடியாக மீறினால் திருச்சபை ஒன்றிப்பிலிருந்தே விலக்கப்படுவார்.

நானே ஒன்பது வருடம் போகாமல் இருந்தவள். அண்ணனோடு வீட்டுப் பாகப் பிரச்சினை. பிறகு ஒருநாள் சாமியாருக்கும் நமக்கும் நடுவே இருக்கும் மரச்சல்லடைக்கு முன்னால் முழந்தாளிட்டபோது, சின்ன வயதில் மனப்பாடம் செய்த, பாவத்துக்காக வருந்திச் சொல்லும் மனத்துயர் செபம்கூட வரவில்லை. பாதியில் அழுதுவிட்டேன். சாமியார் அவசரப்படுத்தவில்லை, மீதியை அடியெடுத்துக் கொடுத்தார். பாவத்துக்குப் பரிகாரமாகச் சொல்லச் சொன்னது மூன்று 'அருள் நிறைந்த மரியே' செபம். அப்புறம், "அண்ணன் வீட்டுக்கு ஒரு தடவை போய் வாம்மா" என்றார். போனேன். அண்ணி கதவைத் திறந்ததும், "சாப்பிட்டியா?" என்றுதான் கேட்டார்.

கோயிலுக்கு வர முடியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால் எனக்குத் தனியாகத் தகவல் அனுப்புங்கள். சாமியாரை வீட்டுக்கே அழைத்து வருகிறோம்.