சவரக்கத்தியைச் சாணைக்குக் கொடுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் தாத்தா காலத்துப் பொருட்களைத் தூசி தட்டி மறுபடி புழக்கத்துக்குக் கொண்டுவருவது பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. பித்தளைப் பாத்திரம், சுவர்க் கடிகாரம் பற்றியெல்லாம் நன்றாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் மடக்குச் சவரக்கத்தி வரும் இடத்தில் மட்டும், ஒருமுறை சாணை பிடித்தால் புதுசு போல ஆகிவிடும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அந்த வரியை நம்பி, பீரோவில் பத்திரமாக இருக்கும் கத்தியை யாராவது இந்த வாரமே சாணைக்கடைக்குக் கொண்டுபோய்விடுவார்களோ என்ற கவலையில்தான் எழுதுகிறேன். கடிதம் நீளம்தான், முடிந்தால் வெட்டாமல் போடுங்கள்.

என் அப்பா சலூன் வைத்திருந்தவர். பிளேடைப் பாதியாக ஒடித்துச் செருகும் கத்தி வருவதற்கு முன்னால் அவர் மடக்குக் கத்தியில்தான் எல்லோருக்கும் சவரம் செய்தார். நான் வேறு வேலைக்குப் போய்விட்டேன், ஆனால் கத்தி தீட்டுவது மட்டும் கையோடு வந்துவிட்டது. தெரிந்தவர்கள் கொண்டுவரும் பழைய கத்திகளை வீட்டிலேயே கல்லில் போட்டுத் தீட்டிக் கொடுக்கிறேன். அப்படி வருகிறவற்றில் துரு தின்று கெட்டவற்றைவிடச் சாணைச் சக்கரம் தின்று கெட்டவைதான் அதிகம்.

சமீபத்தில் பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் அவருடைய மாமனாரின் கத்தியைக் கொண்டுவந்தார். ஜெர்மன் கத்தி, அலகுக்குப் பின்னால் நீளும் வால் பக்கத்தில், கத்திக்குப் பேர்போன ஜெர்மன் ஊரான ஸோலிங்கனின் முத்திரை தெளிவாக இருந்தது. ஏற்கெனவே ஒரு கடையில் கொடுத்து பெஞ்ச் கிரைண்டரில் பிடித்திருக்கிறார்கள். ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் வாயோரம், அதாவது வெட்டும் ஓரம், நெடுக ஒரு நீலக் கோடு, அதை ஒட்டி ஊதா, அதற்கும் மேலே பழுப்பு, கடைசியில் வெளிறிய வைக்கோல் நிறம். அவர் அதை ஏதோ பாலிஷ் என்று நினைத்திருந்தார். எஃகில் அந்த நீலம் வந்தால் அந்த இடம் சுமார் 300 டிகிரி செல்சியஸ் சூட்டைப் பார்த்துவிட்டது என்று அர்த்தம். சவரக்கத்தி எஃகைச் சிவக்கக் காய்ச்சி, எண்ணெயிலோ தண்ணீரிலோ தோய்த்து, அப்புறம் சுமார் 150 முதல் 200 டிகிரிக்குள் மெதுவாகச் சூடாக்கித்தான் பதம் ஏற்றுவார்கள். அதைத் தாண்டிச் சூடு ஏறினால் பதம் இறங்க, அதாவது எஃகு கடினம் குறைய, ஆரம்பித்துவிடும். கனமான அரிவாளில் சூடு உள்ளே பரவிப் போக இடம் இருக்கிறது; சவரக்கத்தியின் வாயில் அந்தச் சதையே கிடையாது, காய்ந்த சக்கரத்தில் ஓரிரு நொடி பட்டாலே போதும். நீலத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் நிறம் போகும், பதம் திரும்பாது. அப்புறம் எத்தனை தீட்டினாலும் ஒரு சவரத்துக்கு மேல் கூர் நிற்காது.

சைக்கிளில் வந்து தெருவில் சாணை பிடிப்பவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அரிவாள்மனைக்கும் கத்தரிக்கோலுக்கும் நானே அவர்களிடம்தான் கொடுக்கிறேன், அந்த வேலையில் அவர்கள் கெட்டிக்காரர்கள். சவரக்கத்தி வேறு ஜாதிப் பொருள், அவ்வளவுதான். ஸோலிங்கனில் மட்டும் சக்கரத்தில் பிடிக்கவில்லையா என்று கேட்கலாம். பிடித்தார்கள்தான். வுப்பர் ஆற்றங்கரையில் தண்ணீர்ச் சக்கரத்தால் ஓடிய சாணைக்கூடங்களில், ஈரமான கல்லில், அந்த ஒரு வேலையையே ஆயுளெல்லாம் செய்தவர்கள் பிடித்தார்கள். அலகின் இரண்டு பக்கத்தையும் குழித்து, நகத்தில் வைத்து லேசாக அழுத்தினால் வாய் வளைந்து கொடுக்கும் அளவுக்கு மெலிதாக்கிவிடுவார்கள். அப்படிப்பட்ட அலகை வீட்டு கிரைண்டரிலோ கையடக்க ரோட்டரி மெஷினிலோ காட்டினால், பதம் தப்பினாலும் அலகு தப்பாது. சக்கரம் வாயைக் கவ்வி இழுத்த நொடியில் துண்டு தெறிக்கும். கண்ணுக்கு ஆபத்து.

இன்னொரு முக்கியமான விஷயம் கோணம். சமையல் கத்தியைத் தீட்டும்போது எவ்வளவு சாய்த்துப் பிடிப்பது என்பதைக் கைதான் முடிவு செய்கிறது. சவரக்கத்தியில் அந்த வேலையை முதுகு செய்கிறது. அதன் தடித்த முதுகையும் வாயையும் ஒன்றாகக் கல்லில் படுக்க வைத்தால் கோணம் தானாக அமைந்துவிடும். வாயிலிருந்து முதுகு வரை 16 மில்லிமீட்டர் அகலமும், முதுகில் நாலரை மில்லிமீட்டர் தடிமனும் உள்ள கத்தியில் அது ஏறக்குறைய 16 டிகிரி. தீட்டத் தீட்ட வாயும் தேயும், முதுகும் தேயும், அதனால் பல வருஷம் ஆனாலும் கோணம் பெரிதாக மாறாது. இதைச் செய்த கைவினைஞர்களின் புத்தியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம் அடங்கவில்லை. சாணைக்காரர் முதுகைத் தொடாமல் வாயை மட்டும் தேய்த்துவிடுகிறார். அகலம் 12 மில்லிமீட்டராகக் குறைந்தால், அதே முதுகை வைத்துக் கல்லில் போடும்போது கோணம் 21 டிகிரியைத் தாண்டிவிடும். முடியை வெட்டும், ஆனால் இழுத்து இழுத்து வெட்டும், முகம் எரியும்.

சரி, வீட்டில் என்னதான் செய்வது? முதலில் ஒரு பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வாங்குங்கள். அலகில் முடி போன்ற கீறல் தெரிந்தால் அந்தக் கத்தியைக் காட்சிக்கு வைத்துவிடுங்கள். அது வாரில் (கத்தியைக் கடைசியாகத் தீட்டும் தோல் பட்டையில்) இழுக்கும்போதோ முகத்திலோ உடையலாம். கீறல் இல்லையென்றால் வாயை மேல்நோக்கிப் பிடித்து ட்யூப்லைட்டுக்குக் கீழே மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். மழுங்கிய இடம் மெல்லிய வெள்ளைக் கோடாக மின்னும். வாயை ஒட்டிக் கல்லில் தீட்டிய இரண்டு பக்கத்துச் சரிவும் சரியாகச் சந்தித்த இடத்தில் வெளிச்சம் நிற்க இடமில்லை, கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. மழிப்பதற்கு முன்னால் வாய் நெடுக ஒன்றுமே தெரியாத நிலைக்கு வர வேண்டும்.

கல் விஷயத்தில் எண் கூடக் கூடக் கல் நைசாகும். 1000 எண் கல்லும், அதன் பிறகு 4000, 8000 எண் கற்களும் போதும். 12000 இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குடி முழுகாது. பெல்ஜியத்தின் ஆர்டென் மலைப்பகுதியில் வெட்டி எடுக்கும் மஞ்சள் நிறக் கோட்டிக்யூல் கல்லில் நுண்ணிய கார்னெட் மணிகள் இருக்கின்றன, அதில் கடைசிக் கை வைத்தால் வாய் முகத்தில் மிருதுவாக ஓடும். விலை அதிகம், ஆரம்பத்தில் தேவையில்லை. கல்லுக்குக்கூடக் காசு இல்லை என்றால் தடித்த கண்ணாடித் துண்டின் மேல் லேப்பிங் ஃபிலிம் என்ற நைசான தேய்ப்புத் தாளை ஒட்டியும் தீட்டலாம், மோசமில்லை. எந்தக் கல்லானாலும் அது தட்டையாக இருக்க வேண்டும். கடையிலிருந்து வரும் புதுக்கல்லும் தட்டை என்று நம்பாதீர்கள். பென்சிலால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, கண்ணாடி மேல் விரித்த வாட்டர் பேப்பரில் தண்ணீர் விட்டுத் தேயுங்கள். எல்லாக் கோடும் ஒரே நேரத்தில் அழியும் வரை தேய்க்க வேண்டும்.

கத்தியின் சரிவில் மார்க்கர் பேனாவால் மை பூசிவிட்டு 1000 கல்லில் இரண்டு இழுப்பு இழுத்தால், கல் எங்கே படுகிறது, எங்கே படவில்லை என்பதை மை காட்டிக்கொடுக்கும். கல்லில் வாய் முன்னே போக வேண்டும். குதியில் (வால் பக்கத்து மூலையில்) தொடங்கி முனையில் முடியும்படி மூலைவாட்டில் இழுக்க வேண்டும். திரும்பும்போது முதுகின் மேல்தான் புரட்ட வேண்டும், தவறியும் வாயின் மேல் புரட்டக் கூடாது. முழு வேலையும் இந்த 1000 கல்லில்தான் இருக்கிறது. அந்தக் கட்டத்திலேயே கத்தி கைமுடியை வாய் நெடுக ஒரே மாதிரி மழிக்க வேண்டும். அது நடக்காமல் 8000 கல்லுக்குப் போகிறவர்கள் மழுங்கிய வாயைப் பளபளப்பாக்குகிறார்கள், வேறொன்றும் இல்லை. மேலே போகப் போக அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் கத்தியின் கனம் மட்டுமே கல்லில் இருக்கும்படி விட்டுவிடுங்கள்.

இப்போது வடிவம் திருத்துவது. கட்டுரையில் சாணை என்று சொன்னதன் உள்ளர்த்தம் பெரும்பாலும் இதுதான் என்று நினைக்கிறேன், ஏனென்றால் பழைய கத்திகள் நிறைய வாயில் பல் விழுந்தோ (துணுக்கு உடைந்து பள்ளமாகியோ) நடுவில் குழிந்தோதான் கிடைக்கின்றன. இதையும் கல்லிலேயே செய்யலாம். சின்னப் பல்லாக இருந்தால் 1000 கல்லில் பொறுமையாகத் தேய்த்தாலே போய்விடும். கொஞ்சம் ஆழமாக இருந்தால், கத்தியைக் கல்லின் மேல் நட்டுக்குத்தலாக நிறுத்தி, ரொட்டி அறுப்பது போல லேசாக முன்னும் பின்னும் இழுத்து, பல் மறையும் வரை வாயையே மழுக்கிவிட்டு, மறுபடி முதலிலிருந்து சரிவு பிடிக்க வேண்டும். கேட்கவே மனசு பதறும், ஆனால் தண்ணீர் விட்டுக் கையால் செய்வதால் சூடே ஏறாது. இந்த மாதிரி நீண்ட தேய்ப்பு இருக்கும்போது முதுகில் எலக்ட்ரிக்கல் இன்சுலேஷன் டேப் ஒரு சுற்று ஒட்டிக்கொள்ளுங்கள், முதுகு வீணாகத் தேயாது. ஒரு சுற்று டேப் கோணத்தை ஏறக்குறைய ஒரு டிகிரிதான் கூட்டும். பல் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் ஆழம் என்றால் வீட்டு வேலையாக அதைத் தொட வேண்டாம் என்பது என் கருத்து.

நடுவில் குழிந்த வாயைவிட, லேசாக வெளிப்பக்கம் வளைந்த வாய் நல்லது. அது பழுது இல்லை, பல கத்திகளைச் செய்யும்போதே அப்படித்தான் செய்தார்கள். அதை நேராக்குகிறேன் என்று கிளம்பாதீர்கள். இழுக்கும்போது மணிக்கட்டை மெல்ல உருட்டிக் கொடுத்தால் வளைவு முழுக்கக் கல்லில் படும்.

குதிப் பக்கம்தான் பலருக்கும் பிடிபடுவதில்லை. பல வருஷம் தீட்டித் தீட்டி அகலம் குறைந்த கத்தியில், அலகு வாலோடு சேரும் இடத்தில் இருக்கும் தடித்த பகுதி கல்லின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அப்போது முதுகு கல்லை விட்டுத் தூக்கிவிடும், நடுப்பகுதி எத்தனை இழுத்தாலும் கூர் ஏறாது. கத்தி சரியில்லை என்று தூக்கி எறிந்துவிடுகிறார்கள், பாவம். 300 எண் அளவிலான வைரத் தகட்டில் அந்தக் குதி மூலையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து, வாயின் தொடக்கத்தை முன்பக்கம் தள்ளி உருட்டிவிட்டால் கத்தி மறுபடி கல்லில் படுத்துவிடும். முனையும் அப்படியே. ஊசி போன்ற சதுர முனை காது மடலைக் கிழிக்கும், புதிதாகப் பழகுகிறவர்கள் அதைக் கல்லில் இரண்டு மூன்று தடவை வட்டமாகத் தேய்த்து மொட்டையாக்கிக்கொள்வது நல்லது.

கல் முடிந்ததும் வார். துணி வாரில் கொஞ்சம், தோல் வாரில் அதைப் போல இரண்டு பங்கு. இங்கே முதுகு முன்னே போக வேண்டும், வார் தொய்யக் கூடாது. அப்பா வாரில் இழுக்கும்போது சத்தத்தைக் கேட்டே எந்த இடத்தில் வாய் சரியில்லை என்று சொல்லிவிடுவார். அது அனுபவத்தில்தான் வரும். தினமும் மழித்த பிறகு கத்தியைத் துடைத்து, காயவிட்டு, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டுத் தடவி வையுங்கள். தேங்காய் எண்ணெய் நாளாக நாளாகப் பிசுபிசுத்துப் போகும். குளியலறையில் மட்டும் வைக்காதீர்கள்.

பிடியையும் கவனியுங்கள். தந்தம் போலத் தெரியும் பழைய பிடிகள் நிறைய செல்லுலாய்டு என்ற அந்தக் காலத்துப் பிளாஸ்டிக். துணியால் சூடு ஏறும்படி அழுத்தித் தேய்த்து முகர்ந்தால் கற்பூர வாசனை லேசாக வரும், செல்லுலாய்டு செய்யக் கற்பூரம் சேர்ப்பார்கள். நெருப்பில் காட்டிச் சோதிக்க வேண்டாம், பற்றிக்கொள்ளும். அது உள்ளுக்குள் சிதைய ஆரம்பித்தால் அதிலிருந்து வரும் ஆவி அலகைத் துருவாக்கும், எத்தனை எண்ணெய் போட்டாலும் நிற்காது, பிடியை மாற்றித்தான் ஆக வேண்டும்.

கடைசியாக ஒன்று. இந்தக் கத்தி ஒரே ஒருவருக்கான கத்தியாக மட்டும் இருக்கட்டும். 1986-இல் சென்னையில் முதல்முறையாக எச்.ஐ.வி. கண்டறியப்பட்ட பிறகு வந்த வருஷங்களில் சலூன்கள் தூக்கி எறியும் பிளேடுக்கு மாறியது சரியான முடிவு, அதை நான் மனப்பூர்வமாக ஆதரிக்கிறேன். அண்ணன் தம்பியாக இருந்தாலும் கத்தியை மாற்றிக்கொள்ளக் கூடாது.

ஆசிரியர் அவர்களிடம் இரண்டு வேண்டுகோள். அடுத்த ஞாயிறு இணைப்பில், சவரக்கத்தியைச் சாணைச் சக்கரத்தில் கொடுக்க வேண்டாம் என்று ஒரு வரித் திருத்தம் போடுங்கள், அதே பக்கத்தில், கண்ணில் படும்படி. அப்புறம், மடக்குக் கத்தியில் தொழில் செய்த பெரியவர்கள் இன்னும் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். எந்தக் கல் வைத்திருந்தார்கள், வாரை எப்படிப் பதப்படுத்தினார்கள், அடைப்பத்தில் (சவரச் சாமான் வைக்கும் பையில்) எத்தனை கத்தி இருக்கும் என்றெல்லாம் கேட்டால் மணிக்கணக்கில் சொல்வார்கள். உங்கள் நிருபர்களை அனுப்பி அவர்களிடம் பேசச் சொல்லுங்கள், படத்தோடு போடுங்கள். எங்கள் ஊருக்கு வந்தால் நானே கூட்டிக்கொண்டு போகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கும்பகோணம்