போர்வையும் சிவப்பு மையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வீடு மாறுவது பற்றிய கட்டுரையைப் படித்தேன். ஃபிரிட்ஜுக்கு ஒரு பக்கம், மீன்தொட்டிக்கு அரைப் பக்கம். ஸ்பீக்கருக்கு ஒரே ஒரு வாக்கியம்: “பெரிய ஸ்பீக்கர்களைக் கனத்த போர்வையில் சுற்றி, பெட்டியின் மேல் ‘கவனம், உடையும் பொருள்’ என்று எழுதிவிட்டால் எவ்வளவு தூரமும் பயமின்றி அனுப்பலாம்.” எழுதியவர் எவ்வளவு தூரம் அனுப்பிப் பார்த்தாரோ தெரியவில்லை. அடுத்த அறைக்கு என்றால் நானும் ஒப்புக்கொள்கிறேன். சரக்குக் கிடங்கின் கன்வேயர் பெல்ட்டுக்குப் படிக்கத் தெரியாது, ஐயா.

தொலைவிலிருந்த ஒருவரிடம், தரையில் நிற்கும் ஸ்பீக்கர் ஜோடி ஒன்றை வாங்கினேன். ஒவ்வொன்றும் 40 கிலோவுக்கு மேல். அனுப்பியவரும் உங்கள் கட்டுரையாளரின் கட்சிதான். போர்வை இருந்தது, எழுத்தும் இருந்தது, சிவப்பு மையில், நான்கு பக்கமும். பெட்டியைப் பிரித்தால் மேல்பூச்சில் கீறல்கூட இல்லை. பாட்டைப் போட்டதும், தாழ்ந்த ஒலிகளைத் தரும் வூஃபர் ஒன்று கரகரத்தது. அதன் கோனை, அதாவது அதிரும் கூம்பை, மெல்ல அழுத்திப் பார்த்தேன், அசையவில்லை.

என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் கட்டுரையாளருக்காகச் சொல்கிறேன். வூஃபரின் பின்னால் கனமான ஃபெரைட் காந்தம் பசையால் ஒட்டப்பட்டிருக்கிறது. அதன் நடுவே, கோனை அசைக்கும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயில் ஏறி இறங்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்குதான். பெட்டி தொப்பென்று விழுந்தால் கேபினெட் நின்றுவிடும், காந்தம் நிற்காது. வூஃபரைத் தாங்கும், தகட்டை அழுத்திச் செய்த சட்டகம் சற்று வளைந்தாலோ, பசை விட்டாலோ காந்தம் நகர்ந்து காயிலை இறுக்கிவிடும். போர்வை கீறலைத் தடுக்கும். அடியை வாங்கிக்கொள்ள அதற்குத் தெரியாது. உள்ளே, தாழ்ந்த ஒலியையும் உயர்ந்த ஒலியையும் பிரித்தனுப்பும் கிராஸ்ஓவரில் இருக்கும் இரும்புக் கருக்கொண்ட காயில்களும் இப்படித்தான் பிய்த்துக்கொண்டு வருகின்றன. பெட்டியை ஆட்டினால் கலகலவென்று கேட்கும், அவ்வளவுதான் அறிகுறி.

இழப்பீடு கேட்டேன். “போதிய பேக்கிங் இல்லை” என்று ஒரே வரியில் பதில் வந்தது. கோபப்பட்டாலும் மறுக்க முடியவில்லை. சரக்குக் காப்பீட்டில் பரவலாகப் பயன்படும் இன்ஸ்டிட்யூட் கார்கோ கிளாஸஸ் என்ற நிபந்தனைத் தொகுப்பின் 4.3ஆம் பிரிவே, பேக்கிங் போதாததால் வரும் சேதத்தை விலக்கிவிடுகிறது. உங்கள் வாக்கியத்தை நம்பி அனுப்புகிற வாசகருக்கும் இதே பதில்தான் வரும். அப்போது சிவப்பு மையை யாரிடம் காட்டுவார்?

இது முதல் தடவையாக இருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். முன்பொரு சிறப்பிதழில் பபிள் ராப்பை நேரடியாக மேல்பூச்சின்மீது சுற்றச் சொன்னீர்கள். வெயிலில் லாரி நின்றால் பளபளப்பான வார்னிஷில் அத்தனை குமிழும் வட்ட வட்டமாகப் பதிந்துவிடும். முதலில் மெல்லிய ஃபோம் தாளோ துணிப்பையோ வேண்டும் என்று எழுதியிருந்தேன். நீங்கள் வெளியிட்டது என் கடிதத்தின் முதல் வரியை மட்டும், அதாவது “உங்கள் இதழை விரும்பிப் படிக்கிறேன்” என்பதை. நன்றி. இன்னொரு முறை, பெட்டியில் மிஞ்சும் இடத்தைத் தெர்மாகோல் உருண்டைகளால் நிரப்பினால் போதும் என்றீர்கள். பூச்சாடிக்குப் போதும். கனமான ஸ்பீக்கர் வழியெல்லாம் குலுங்கி, உருண்டைகளை ஒதுக்கிவிட்டு அடித்தளத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். தெர்மாகோல் பலகையும் முதல் அடியிலேயே விரிசல் விடும், இரண்டாவது அடிக்கு ஆளில்லை. பாலிஎத்திலீன் ஃபோம் அமுங்கி மீண்டும் எழும்பும். எல்லாப் பக்கமும் குறைந்தது 5 செ.மீ. அது இருக்க வேண்டும், மூலைகளில் இன்னும் கூடுதலாக, ஏனென்றால் கேபினெட்டின் எம்.டி.எஃப். பலகை (மரநாரை அழுத்திச் செய்தது) முதலில் நொறுங்குவது மூலையில்தான். அதற்கு வெளியே இரட்டைச் சுவர் அட்டைப்பெட்டி; முடிந்தால் பெட்டிக்குள் பெட்டி. ஸ்பீக்கரின் அடியில் இருக்கும் கூரான ஸ்பைக்குகளைக் கழற்றித் தனியே வைக்காவிட்டால் அவையே பெட்டியைக் குத்திக் கிழிக்கும். வயர் மாட்டும் பின்பக்க டெர்மினல்கள் எதன்மீதும் அழுந்தக் கூடாது. அவற்றை ஒரு சிறு கம்பியால் இணைத்துவிட்டால் கோன் தாறுமாறாக ஆடுவதும் குறையும், செலவே இல்லாத வேலை. இவ்வளவு கனத்தைப் பேலட் எனும் சரக்குத் தட்டில் வைத்துப் பட்டையால் கட்டி அனுப்புவது மேல்: கையால் தூக்கி எறிய முடியாததை யாரும் எறிவதில்லை. கடல் கடக்கிற மரப்பெட்டி என்றால் பூச்சி பரவாதபடி மரம் பதப்படுத்தப்பட்டதைக் காட்டும் ஐ.எஸ்.பி.எம். 15 முத்திரை வேண்டும். விமானம் என்றால் காந்தப்புலத்துக்கே வரம்பு உண்டு. இதில் எதையாவது உங்கள் பக்கங்களில் பார்த்த நினைவு எனக்கில்லை.

உங்கள் ஸ்பீக்கர் மதிப்புரைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உயர்ந்த ஒலிகளைத் தரும் ட்வீட்டரின் “பட்டுப் போன்ற மென்மை” பற்றி மூன்று பத்தி எழுதுகிறார் உங்கள் விமர்சகர். அவருக்கு ஸ்பீக்கர் கம்பெனி வண்டியில் வருகிறது, கம்பெனி ஆட்களே பிரித்து வைக்கிறார்கள், அவர்களே திரும்ப எடுத்துப் போகிறார்கள். பெட்டி என்று ஒன்று இருந்ததே அவருக்குத் தெரியாது. படத்தில் ஒருவர் முன்பக்க மூடியான கிரில்லைப் பிடித்து ஸ்பீக்கரைத் தூக்குகிறார். அதற்கு அட்டைப்படத்தில் இடம்.

நான் கேட்பது சிறிய விஷயம். மதிப்புரையின் கடைசியில் அளவுகள் அச்சிடும் கட்டத்தில் ஒரு வரி சேருங்கள்: பேக்கிங்கோடு எடை எவ்வளவு, பெட்டியின் அளவு என்ன, உள்ளே இருப்பது தெர்மாகோலா பாலிஎத்திலீன் ஃபோமா. “காலிப் பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள்” என்றும் சேர்த்தால் நல்லது. இடம் இல்லையென்றால் பட்டு மென்மையில் ஒரு பத்தியைக் குறைக்கலாம்.

இக்கடிதத்தின் முதல் வரியை மட்டும் வெளியிடுவதாக இருந்தால், தயவுசெய்து வெளியிடவே வேண்டாம்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்