வசந்திக்கு, கிளிநொச்சியிலிருந்து

அன்பின் வசந்தி,

நலம், உன் நலமறிய ஆவல். காலபோக நெல் வெட்டி முடிந்தது. கடைசி மழை கொஞ்சம் பயப்படுத்தினாலும் எங்கள் வயல் தப்பிவிட்டது. இரணைமடுக் குளத்தில் தண்ணீர் நிற்கிறது, சிறுபோகமும் விதைக்கலாம் என்று கதை. அம்மாவுக்கு முழங்கால் நோவு, மற்றபடி சுகம்.

உன் மகனுடைய விசயம்தான் மனதுக்குள் கிடந்து உறுத்துகிறது. ஜிம்மில் ஒருவர் அவனை 'எக்டோமோர்ஃப்' என்று சொல்லி, மெலிந்த உடம்புக்காரர் கூச்சக்காரர், ஆட்களோடு ஒட்டமாட்டார்கள் என்றாராம். அவனும் "நான் அப்படித்தானம்மா" என்கிறானாம். அதை அவன் நம்ப விடாதே.

உடம்பை மூன்று வகையாகப் பிரித்து இந்த மாதிரிப் பெயர்களை வைத்தவர் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்க உளவியலாளர். உருண்ட உடம்பென்றால் சாப்பாட்டுப் பிரியம், கலகலப்பு. தசைக்கட்டென்றால் துணிச்சல், அதிகாரம். மெலிவென்றால் கூச்சம், யோசனை. கல்லூரிப் பெடியன்கள் நாலாயிரம் பேரின் நிர்வாணப் படங்களைப் பார்த்து, ஒவ்வொரு உடம்புக்கும் மூன்று வகையிலும் 1 முதல் 7 வரை புள்ளி போட்டு, 1940இல் புத்தகமாக்கினார். உடம்பும் குணமும் அபாரமாக ஒத்துப்போகின்றன என்று 1942இல் இன்னொரு புத்தகம். ஆனால் உடம்புக்குப் புள்ளி போட்டவரே குணத்துக்கும் போட்டார். தானே சோதனை எழுதித் தானே திருத்தினால் யார்தான் பெயிலாவார்?

அவருக்கு முதலே, 1921இல், ஜெர்மன் மனநல மருத்துவர் கிரெட்ச்மர் மெலிந்தவருக்கு மனச்சிதைவும் பருத்தவருக்குப் பித்தும் சோர்வும் மாறிமாறி வரும் நோயும் கூடுதலாக வருவதாக எழுதினார். மனச்சிதைவு பெரும்பாலும் இளவயதில் தொடங்குவது. வயது ஏற ஏற உடம்பும் பெருக்கும். அந்த வயது வித்தியாசத்தை அவர் சரியாகக் கழிக்கவில்லை.

ஷெல்டன் சொன்னதில் எனக்குப் பொறுக்கவே முடியாதது, உடல் வகை சாகும்வரை மாறாது என்றதுதான். 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் 36 ஆண்கள் ஒரு ஆய்வுக்காகத் தாங்களாக முன்வந்து, ஆறு மாதம் அரைவயிற்றுச் சாப்பாட்டில் இருந்தார்கள். எடையில் கால்வாசி போயிற்று. கலகலப்பானவர்கள் ஒதுங்கினார்கள், சிடுசிடுத்தார்கள், சமையல் புத்தகங்களை வாசித்துக்கொண்டு கிடந்தார்கள். அவர்களுடைய படங்களை ஆராய்ந்து, உடல் வகையே மாறிவிட்டதென்று 1947இல் லாஸ்கர் என்ற மானுடவியலாளர் காட்டினார்.

இது நமக்குப் புதினமா வசந்தி? நீ 2009க்கு முதலே போய்விட்டாய். போரில் இடம்பெயர்ந்து நாங்கள் இருந்த செட்டிகுளம் முகாமில் எங்கள் கூடாரத்துக்குப் பக்கத்தில் ஒரு அக்கா இருந்தா. முந்திக் கல்யாண வீடுகளில் அவவின் சிரிப்புத்தான் முதலில் கேட்கும், நல்ல பருத்த உடம்பு. முகாமுக்கு வரும்போது தோள்மூட்டு எலும்பு சட்டைக்குள்ளால் தெரிந்தது. தண்ணீர் பவுசர் வந்தால் வாளியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எல்லாரோடும் சண்டை, மற்ற நேரம் ஒருவரோடும் கதையில்லை. உழவு இயந்திரத்தில் ஊர் திரும்பி, தோட்டம் வைத்து, மூன்று வேளை சாப்பிட்ட பிறகு உடம்பும் வந்தது, சிரிப்பும் வந்தது. எந்தப் படத்தை வைத்து அவவுக்குப் புள்ளி போடுவது?

நாட்டு வைத்தியம் பார்த்த எங்கள் பழைய பரியாரிமார் கூட வாத உடம்பு, பித்த உடம்பு, கப உடம்பு என்பார்கள்தான். ஆனால் பருவத்தோடும் சாப்பாட்டோடும் மூன்றும் கூடிக் குறையும் என்று கைநாடி பிடித்துப் பார்த்தார்கள்.

நான் படிப்பிக்கும் எட்டாம் வகுப்பில் ஒரு பருத்த பெடியன். மேசை தூக்க வேண்டுமென்றால் அவன்தான், விளையாட்டுப் போட்டியில் கயிறிழுக்கவும் அவன்தான். ஒருவரும் அவனை வாசிக்கச் சொல்வதில்லை, தூங்குமூஞ்சி என்று ஆசிரியர் அறையிலேயே முடிவு. போன தவணை நான் கவிதை வாசிக்கச் சொன்னேன். முதல் வரியில் குரல் நடுங்கியது, நாலாம் வரியில் வகுப்பே அடங்கிவிட்டது. இப்போது தானாகவே கை தூக்குகிறான். பிள்ளையை இன்ன மாதிரி என்று நாங்கள் நடத்த நடத்த, அது அந்த மாதிரி ஆகிறது. உடம்புக்கும் குணத்துக்கும் ஏதும் தொடர்பிருந்தால், பாதி இப்படித்தான் வருகிறது என்பது என் எண்ணம்.

மகன் ஜிம்முக்குப் போகட்டும், அது நல்லது. கூச்சம் எப்போது தொடங்கியது, புதுப் பள்ளிக்கூடத்துக்கு மாறின பிறகா என்று மட்டும் மெதுவாகக் கேட்டுப்பார். ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பள்ளியில்லை, அவனை ஒருக்கால் என்னோடு வீடியோவில் கதைக்க விடு. அம்மாவும் பார்க்க வேணுமாம்.

அன்புடன்,
சாந்தா